கல் சுமந்தால்தான் கல்யாணம்: திரான்சில்வேனியக் குன்றில் ஒரு கோட்டைத் தேவாலயம்

மதிலின் உட்புறத்தில் உருண்டைக் கற்கள் குவிந்து கிடக்கின்றன. பூசணிக்காய் அளவில் சில, ஆட்டுக்கல் அளவில் சில. தொட்டால் வழவழப்பாக இருக்கின்றன. ஆற்றுத் தண்ணீரில் பல காலம் புரண்ட கற்களுக்குத்தான் இந்த வழவழப்பு வரும். ஆனால், இந்தக் குன்றின் உச்சியில் ஆறு கிடையாது. ஆறு கீழே, கிராமத்தின் பக்கம் ஓடுகிறது.

அப்படியானால் இவற்றை மேலே கொண்டு வந்தது யார்? மாப்பிள்ளைகள் என்கிறது ஊர்க்கதை. திருமணம் செய்துகொள்ள விரும்பும் இளைஞன் ஆற்றிலிருந்து ஒரு கல்லைத் தூக்கியோ உருட்டியோ இந்தச் செங்குத்தான பாதையில் உச்சிவரை கொண்டுவர வேண்டுமாம். முடியாதவனுக்குப் பெண் கொடுக்க எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாளாம். எதிரி குன்றேறி வந்தால், சேர்ந்த கற்களை மதில் மேலிருந்து அவன் தலையில் உருட்டிவிடலாம். மாப்பிள்ளையின் உடல்வலுவைச் சோதித்த மாதிரியும் ஆயிற்று, ஊருக்கு ஆயுதம் சேர்ந்த மாதிரியும் ஆயிற்று.

கதை எந்த அளவுக்கு உண்மையோ, கற்கள் உண்மை. நான் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், முழங்கால் உயரம் வரைதான் வந்தது. உடன் வந்த நண்பர்கள் எனக்கு இந்தப் பிறவியில் கல்யாணம் இல்லை என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

நான் கட்டடக்கலை மாணவன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு தவணை ருமேனியாவில் படிக்கும் வாய்ப்பு கிடைத்தது. பழைய கட்டடங்களை அளந்து வரைவது அங்கே எங்களுக்கு ஒரு பாடம். மலேசியாவிலிருந்து கிளம்பும்போது, ‘திரான்சில்வேனியாவா? டிராகுலாவைப் பார்த்தால் ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பு’ என்று கேட்காதவர்களே இல்லை. டிராகுலாவைப் பார்க்கவில்லை. அவருடைய அப்பா இந்தக் கட்டுரையில் வருவார், சற்றுப் பொறுங்கள்.

இந்தக் கிராமத்துக்கு ருமேனிய மொழியில் சிஸ்நடியோவாரா என்று பெயர். ஜெர்மன் மொழியில் மிஹெல்ஸ்பெர்க், அதாவது மைக்கேலின் குன்று. சொல்ல எளிது என்பதால் நான் இரண்டாவது பெயரையே பயன்படுத்துகிறேன். சிபியு நகரிலிருந்து தெற்கே சுமார் பத்து கிலோமீட்டர்தான். ருமேனியாவின் நடுவில் இருக்கும் ஊருக்கு ஏன் ஜெர்மன் பெயர்?

அழைத்து வரப்பட்டவர்கள்

12ஆம் நூற்றாண்டில் திரான்சில்வேனியா ஹங்கேரி அரசின் எல்லைப்புறம். நிலம் நிறைய இருந்தது, உழுவதற்கும் காப்பதற்கும் ஆள் போதவில்லை. 1141 முதல் 1162 வரை ஆண்ட இரண்டாம் கேசா மன்னர், ரைன் ஆற்றங்கரை, லக்சம்பர்க் ஆகிய பகுதிகளிலிருந்து குடியானவர்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்துக் குடியமர்த்தினார். இவர்களுக்கு ‘சாக்ஸன்’ என்ற பெயர் அரசு ஆவணங்களில் ஒட்டிக்கொண்டது. பெரும்பாலோர் ஜெர்மனியின் சாக்ஸனியிலிருந்து வந்தவர்கள் அல்லர். எங்கிருந்தோ வந்தவர்களுக்கு அதிகாரிகள் எழுதி வைத்த பெயரே நிலைத்துப்போவது உலகம் முழுக்க நடப்பதுதானே! அவர்களுடைய பேச்சுமொழி இன்றும் லக்சம்பர்க் மொழிக்கு நெருக்கமாக இருக்கிறது. 2007இல் சிபியுவும் லக்சம்பர்க்கும் சேர்ந்து ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரங்களாக அறிவிக்கப்பட்டபோது, இந்தப் பழைய உறவையும் பலர் நினைவுகூர்ந்தார்கள்.

மிஹெல்ஸ்பெர்க் குன்றும் அதன் மேலிருந்த தேவாலயமும் முதன்முதலாக எழுத்தில் வருவது 1223இல். கோசெலினுஸ் என்ற பாதிரியார் இவற்றைக் கார்த்ஸா என்ற இடத்தில் இருந்த சிஸ்டெர்சியன் துறவியர் மடத்துக்குக் கொடுக்க, இரண்டாம் ஆண்ட்ரூ மன்னர் அதை உறுதிசெய்த ஆவணம் அது. அடுத்த ஆண்டே, 1224இல், அதே மன்னர் சாக்ஸன் மக்களின் உரிமைகளைப் பட்டயமாக எழுதிக் கொடுத்தார். தங்கள் நீதிபதியையும் பாதிரியாரையும் அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு வரி கட்ட வேண்டும், போருக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

ஏன் இவ்வளவு தடித்த சுவர்?

நான் வரைய வேண்டியிருந்தது இந்த 1223ஆம் ஆண்டு ஆவணத்தில் வரும் தேவாலயத்தைத்தான். திரான்சில்வேனியாவின் மற்றக் கிராமத் தேவாலயங்கள் பலவற்றைப் பிற்காலத்தில் இடித்து, உயர்த்தி, ஒட்டுப்போட்டு மாற்றிவிட்டார்கள். இது மட்டும் பெரிய மாற்றமின்றித் தப்பியிருக்கிறது. காரணம் வேடிக்கையானது. ஊர் குன்றின் அடிவாரத்தில். ஒவ்வொரு ஞாயிறும் மலையேறி அலுத்துப்போன மக்கள் 18ஆம் நூற்றாண்டில் கீழேயே புதிய தேவாலயம் கட்டிக்கொண்டார்கள். மேலே இருந்ததைப் புதுப்பிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. கவனிப்பார் இல்லாமல் போனதால் காப்பாற்றப்பட்ட கட்டடம் என்று எங்கள் விரிவுரையாளர் சொன்னார்.

இதன் பாணிக்கு ரோமனெஸ்க் என்று பெயர். ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 12ஆம் நூற்றாண்டு வரை மேற்கு ஐரோப்பாவில் பரவியிருந்தது. பழைய ரோமானியர்கள் கட்டிய அரைவட்ட வளைவுகளை மீண்டும் கையாண்டதால், 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் பிற்பாடு இட்ட பெயர் இது. கட்டியவர்களுக்கே தாங்கள் ரோமனெஸ்க் பாணியில் கட்டுகிறோம் என்று தெரியாது. அடையாளம் காண்பது எளிது: அரைவட்ட வளைவு, தடித்த சுவர், சின்னஞ்சிறு சன்னல்.

இந்த மூன்றும் தனித்தனி அழகு அம்சங்கள் அல்ல. ஒன்று இருந்தால் மற்றதும் இருந்தாக வேண்டும். இயற்பியல் பாடத்தில் விசையைக் கூறுகளாகப் பிரிக்கப் படித்திருப்பீர்கள் அல்லவா? வழுக்கும் தரையில் காலுறையோடு இரு கால்களையும் அகட்டி நின்று பாருங்கள். உடல் எடை கீழே மட்டும் இறங்காது, பாதங்களை வெளிப்பக்கமாகவும் தள்ளும். இரு பக்கமும் நண்பர்கள் தங்கள் காலை அணைகொடுத்தால்தான் நிற்க முடியும். கல் வளைவும் அப்படித்தான். மேலே இருக்கும் எடை வளைவின் இரு முனைகளையும் வெளியே தள்ளுகிறது. பின்னால் வந்த கோத்திக் பாணிக் கட்டுநர்கள் கூர்முனை வளைவால் அந்தத் தள்ளலைக் குறைத்தார்கள். மிச்சத்தை வெளியிலிருந்து தாங்கும் கல் முட்டுகளுக்கு அனுப்பினார்கள். அதனால் சுவரைத் திறந்து பெரிய பெரிய கண்ணாடிச் சன்னல் வைக்க முடிந்தது. ரோமனெஸ்க் கட்டுநருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு இருந்த அணை, சுவரின் சொந்த எடைதான். அதில் பெரிய ஓட்டை போட்டால் எடை குறையும், ஆகவே சன்னல் சிறியது.

மிஹெல்ஸ்பெர்க்கில் நடுக்கூடத்துக்குக் கல் கூரையே போடவில்லை, மரக்கூரைதான். கல் வளைவுக் கூரை பீடப் பகுதியில் இருக்கிறது. அப்புறம் ஏன் நடுக்கூடத்திலும் சுவர் தடிப்பாக இருக்கிறது என்று நான் கேட்டேன். கிராமத்துக் கல்வேலையைப் பார்த்தால் புரியும். ஒழுங்காகச் செதுக்கிய கல் வாசலுக்கும் மூலைகளுக்கும் மட்டும்தான். மற்ற இடமெல்லாம் கிடைத்த கல்லை அடுக்கி, இடையில் சுண்ணாம்புச் சாந்தை நிரப்பியது. சுண்ணாம்புச் சாந்து சிமெண்டைப் போல ஓரிரு வாரத்தில் இறுகாது. காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லக் கல்லாகும். சுவரின் உட்பகுதி இறுக ஆண்டுக்கணக்காகும். அதுவரை அது சாயாமல் நிற்கத் தடிப்புதான் காப்பு.

உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் தோன்றியது வெறுமை. ஓவியம் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. நடுவில் ஓர் அகன்ற கூடம், இரு பக்கமும் குறுகிய கூடங்கள், அவற்றைப் பிரிக்கும் தூண்கள், கிழக்கே அரைவட்ட மாடங்கள். அவ்வளவுதான். கண் பழகப் பழக, சன்னல் வழியாக விழும் ஒளிக்கீற்று தரையில் நகர்வது தெரிந்தது. சத்தமும் அப்படித்தான். யாரோ பென்சிலைக் கீழே போட்டது கூடம் முழுவதும் ஓடித் திரும்பி வந்தது. இந்த எதிரொலிக்காகவே இப்போது கோடையில் இங்கே இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

அலங்காரம் முழுவதையும் மேற்கு வாசலில் கொட்டியிருக்கிறார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக உள்வாங்கும் அரைவட்ட வளைவுகள், ஒவ்வொன்றையும் தாங்கும் சிறு தூண்கள், வாசலின் இரு பக்கமும் சுவரில் செதுக்கிய போலி வளைவுகள். நான் அந்த வாசலை வரைய முக்கால் நாள் ஆயிற்று. வாசலுக்கு மேலே இரண்டு கோபுரங்கள் எழுப்பத் திட்டமிருந்தது, அவை முடியவே இல்லை. பணம் தீர்ந்ததோ, மடத்துக்குக் கைமாறியதோ. முடிக்காத கோபுரங்களால் கட்டடம் குள்ளமாக, தோளைக் குறுக்கி உட்கார்ந்திருப்பதைப் போலத் தெரிகிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

சிபியுவுக்கு மதில் இருந்தது, கிராமத்துக்கு?

1241 ஏப்ரலில் மங்கோலியப் படை திரான்சில்வேனியாவுக்குள் புகுந்து சிபியுவைச் சூறையாடியது. அதற்குப் பிறகு ஊர்களைக் கல் மதிலால் காப்பது அவசரத் தேவையானது. சிபியு, பிரஷோவ் போன்ற வணிக நகரங்களிடம் பணம் இருந்தது. கைவினைச் சங்கங்கள் ஆளுக்கொரு கோபுரத்தைப் பொறுப்பேற்றுக் கட்டின. ஐம்பது நூறு குடும்பங்கள் வாழும் கிராமம் என்ன செய்யும்? ஊர் முழுவதையும் சுற்றி மதில் எழுப்புவது முடியாத காரியம். ஆனால் ஒவ்வொரு கிராமத்திலும் ஏற்கெனவே ஒரே ஒரு கல் கட்டடம் இருந்தது. தடித்த சுவர், சிறிய சன்னல், நல்ல உயரம். பாதிக் கோட்டை தயார்! மீதிப் பாதிக்கு அதைச் சுற்றி ஒரு மதில் கட்டினால் போதும்.

மலாக்காவின் செயின்ட் பால் குன்றுக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. 1521இல் போர்த்துகீசியர் கட்டிய சிற்றாலயம் அது. பிற்காலத்தில் கோட்டையின் அங்கமாகி, ஆங்கிலேயர் காலத்தில் வெடிமருந்துக் கிடங்காகக்கூட இருந்தது. குன்றும் கல் சுவரும் ஓர் இடத்தில் சேர்ந்தால் படைவீரர்களின் கண் அதன் மேல் விழாமல் இருக்காது. ஒரு வித்தியாசம், மலாக்காவில் அதைச் செய்தது அரசாங்கம். இங்கே செய்தது உழவர்கள்.

மிஹெல்ஸ்பெர்க்கில் மதில் முட்டை வடிவில் உச்சியைச் சுற்றி வருகிறது. நுழைவாயிலில் ஒரு கோபுரம். மற்றதைக் குன்றின் சரிவே பார்த்துக்கொள்ளும். வேறு கிராமங்களில் இந்த வேலை நூற்றாண்டுகளாக வளர்ந்துகொண்டே போனது. வெள்ளைத் தேவாலயம் என்று ஜெர்மன் மொழியில் பெயர்கொண்ட விஸ்க்ரியில், 12ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயம் ஒன்றின் மேல் பெரிய ஆலயம், அதைச் சுற்றி மதில், அதில் கோபுரங்கள் என ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. அங்கே ஒரு கோபுரம் முழுக்கப் பன்றி இறைச்சியை உலர்த்தித் தொங்கவிடுவதற்கு. குளிர்ச்சியான கல் கோபுரம்தான் அன்றைய குளிர்பதனப் பெட்டி! பிரஷோவுக்கு அருகிலுள்ள பிரெஜ்மெரில் மதில் 12 மீட்டர் உயரம். அதன் உட்புறத்தில் தேன்கூட்டைப் போல 270க்கும் மேற்பட்ட அறைகள், மரப்படிகளால் இணைக்கப்பட்டவை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் எண் போட்ட ஓர் அறை. முற்றுகைக் காலத்திலும் பாடம் நிற்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்துக்கும் ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். எதிரி வாசலில் நின்றாலும் விடுமுறை கிடையாது.

பீயெர்த்தானில் வேறு கதை சொல்கிறார்கள். மணவிலக்குக் கேட்டு வரும் கணவன் மனைவியை மதிலோரச் சிற்றறையில் அடைத்துவிடுவார்களாம். ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு கரண்டி. பெரும்பாலோர் சமாதானமாகி வெளியே வந்தார்களாம். அதே ஊரின் தேவாலய உள்ளறைக் கதவில் உள்ள பூட்டு ஒரே நேரத்தில் பல தாழ்களை நகர்த்தும். அது 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போய்வந்தது.

ஒரு மாணவனின் கதை

இந்த மதில்கள் எதற்கென்று எனக்கு உண்மையாகப் புரியவைத்தது கட்டட வரைபடம் அல்ல, என்னைவிட வயதில் சிறிய ஒரு மாணவனின் வரலாறு. 1438இல் ஒட்டோமன் சுல்தான் இரண்டாம் முராத் திரான்சில்வேனியா மீது படையெடுத்தார். உடன் வந்தவர் வலாக்கியாவின் ஆட்சியாளர் விளாட் டிராகுல். இவர்தான் பிற்காலத்தில் டிராகுலா என்று புகழ்பெற்றவரின் தந்தை. சிபியுவின் மதில் தாங்கியது. மேற்கே உள்ள செபெஷ் நகரம் பணிந்தது. பணிய மறுத்த ஒரு சிறு கூட்டம் ஒரு கோபுரத்துக்குள் புகுந்துகொண்டது. அவர்களில், அந்நகரில் படிக்க வந்திருந்த, பதினைந்து பதினாறு வயதுப் பையனும் ஒருவன். கோபுரத்துக்குத் தீ வைத்தார்கள். உயிரோடு மிஞ்சிய சிலரில் அவனும் இருந்தான். அடிமையாக விற்கப்பட்டான்.

இருபது ஆண்டுகள். பலமுறை கைமாறி, தப்ப முயன்று பிடிபட்டு, 1458இல் விடுதலையானான். ரோம் நகருக்குப் போய்த் துறவியானார். ஹங்கேரியின் ஜார்ஜ் என்று இன்று அறியப்படும் அவர் தம் அனுபவத்தை லத்தீன் மொழியில் எழுதினார். 1480 வாக்கில் அச்சான அந்நூலின் 1530ஆம் ஆண்டுப் பதிப்புக்கு மார்ட்டின் லூதரே முன்னுரை எழுதினார். அதில் என்னை வியக்கவைத்தது ஒன்று. தன்னை அடிமையாக்கியவர்களின் எளிமையையும் தூய்மையையும் அடக்கத்தையும் அவர் மறைக்காமல் பாராட்டுகிறார். இருபது ஆண்டுகளை இழந்த ஒருவர் அப்படி எழுதியிருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டே அன்று மதிலைச் சுற்றி நடந்தேன்.

சாவி யாரிடம்?

முற்றுகைகளைத் தாங்கிய மக்களைக் கலைத்தது 20ஆம் நூற்றாண்டு. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1945 ஜனவரியில், ருமேனியாவின் ஜெர்மானிய இனத்தவரில் 17 முதல் 45 வயது வரையிலான ஆண்களும் 18 முதல் 30 வயது வரையிலான பெண்களும் கட்டாய உழைப்புக்காகச் சோவியத் யூனியனுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். சுமார் 70,000 பேர். பலர் திரும்பவில்லை. கம்யூனிச ஆட்சியில் வேறொரு கணக்கு நடந்தது. இவர்களை வெளியேற அனுமதிக்க, மேற்கு ஜெர்மனி ருமேனியாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. பட்டதாரிக்கு அதிக விலை, மாணவனுக்கு அதைவிடக் குறைவு, படிக்காதவருக்கு மிகக் குறைவு. 1967 முதல் 1989 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிப் போனார்கள். ஆட்சி கவிழ்ந்து எல்லை திறந்ததும், 1990 என்ற ஒரே ஆண்டில் இன்னும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள். எண்ணூறு ஆண்டுக் குடியிருப்பு சில கோடைகளில் காலியானது.

மிஹெல்ஸ்பெர்க் வாசலில் நுழைவுச்சீட்டு கொடுத்த மூதாட்டி போகாமல் தங்கியவர்களில் ஒருவர். ஜெர்மன் தெரிந்த என் வகுப்புத் தோழி மூலம் பேசினோம். தம்பி தங்கைகள் எல்லாரும் ஜெர்மனியில் இருக்கிறார்களாம், ஆகஸ்டில் மட்டும் வருவார்களாம். ‘நீங்கள் ஏன் போகவில்லை, பாட்டி?’ என்று கேட்கச் சொன்னேன். அவர் என் தோழியைப் பார்க்காமல் என்னையே பார்த்து, ‘போயிருந்தால் உனக்கு இன்று யார் கதவு திறந்திருப்பார்கள்?’ என்றார்.

திரான்சில்வேனியாவில் சுமார் 150 கோட்டைத் தேவாலயங்கள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஏழு கிராமங்கள் மட்டுமே யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. 1993இல் பீயெர்த்தான் சேர்ந்தது, 1999இல் மற்ற ஆறு. மிஹெல்ஸ்பெர்க் அதில் இல்லை, எனக்கு அதில் வருத்தம்தான். பட்டியலில் இல்லாத சிறிய ஊர்களில் வழிபாட்டுக்கு ஆளில்லை. கதவில் ஒரு கைப்பேசி எண் ஒட்டியிருக்கும். அழைத்தால், பக்கத்து வீட்டு ருமேனியரோ ரோமா குடும்பத்தாரோ சாவியோடு வருவார்.

கட்டடம் விழுவது பெரும்பாலும் போரால் அல்ல, ஓட்டால். கூரையில் ஓர் ஓடு நழுவுகிறது. யாரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை. மழைநீர் உத்தரத்தின் முனையில் இறங்குகிறது. உத்தரம் உளுத்து, சுவருக்குள் ஈரம் புகுகிறது. குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரிகிறது, வசந்தத்தில் உருகுகிறது. சாந்து பொடியாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. 2016 பிப்ரவரியில், சில நாள் இடைவெளியில், ரோதெஷ் கிராமத்தில் ஒன்றும் ரோட்பாவ் கிராமத்தில் ஒன்றுமாக இரண்டு கோபுரங்கள் இடிந்து விழுந்தன. ரோட்பாவில் விழுந்தது மணிக்கூண்டுக் கோபுரம்.

எங்கள் விரிவுரையாளர் அந்தச் செய்திப் படங்களை முதல் வகுப்பிலேயே காட்டியிருந்தார். அதனால்தானோ என்னவோ, மிஹெல்ஸ்பெர்க்கில் வரையும் வேலை தொடங்கும் முன் எல்லாரும் அண்ணாந்து கூரையைத்தான் பார்த்தோம். கண்ணுக்கு எட்டியவரை ஓடுகள் வரிசை குலையாமல் இருந்தன. அதையும் வரைபடத்தின் ஓரத்தில் தேதியோடு குறித்துக்கொண்டோம்.